கரை சேராத நீச்சல் எதை நிரூபித்தது? ‘விண்டிகேஷன் ஸ்விம்’ படத்தின் பின்னணி

2023 இறுதிக்கும் 2024 நடுப்பகுதிக்கும் இடையில், கடலில் நெடுந்தூரம் நீந்திய பெண்களைப் பற்றி மூன்று ஆங்கிலப் படங்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. அவற்றுள் இரண்டு, 1920களில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த இரு வேறு பெண்களைப் பற்றியவை. இரண்டையும் பற்றிய செய்திகளில் ‘முதல் பெண்’ என்ற சொல் அடிபட்டதால், அப்படியானால் உண்மையில் முதலில் கடந்தவர் யார் என்ற குழப்பம் வாசகர்களுக்கு ஏற்பட்டது இயல்பே. மூன்றில் மிகச் சிறிய முதலீட்டில் எடுக்கப்பட்டதும் மிகக் குறைவாகப் பேசப்பட்டதுமான ‘விண்டிகேஷன் ஸ்விம்’ இன்னொரு குழப்பத்தையும் கொண்டுவந்தது. அந்தப் படத்தின் பெயருக்குரிய நீச்சலில் கதாநாயகி கரையைத் தொடவே இல்லை. தோல்வியில் முடிந்த ஒரு முயற்சியின் பெயரை ஒரு வெற்றிக் கதைக்கு ஏன் வைத்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் கடலையும், அந்தக் காலத்தில் நீச்சல் சாதனைகள் எப்படி நம்பப்பட்டன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று படங்கள், மூன்று பெண்கள்

1. ‘நயாட்’ 2023இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. 2013இல், தமது 64ஆம் வயதில், கியூபாவிலிருந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு நீந்தியதாகப் பதிவான டயானா நயாட் பற்றிய படம். ஆங்கிலக் கால்வாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் இக்கட்டுரையின் முடிவில் இந்தப் படத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

2. ‘யங் வுமன் அண்ட் தி சீ’ 2024 மே மாதம் டிஸ்னி வெளியிட்ட படம். 1926 ஆகஸ்ட் 6 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்த அமெரிக்கர் கெர்ட்ரூட் எடர்லியின் கதை. உலகிலேயே கால்வாயைக் கடந்த முதல் பெண் இவர்தான். சுமார் பதினான்கரை மணி நேரத்தில் கடந்து, அதற்கு முன் கடந்த ஆண்களின் நேரத்தையெல்லாம் முறியடித்தார்.

3. ‘விண்டிகேஷன் ஸ்விம்’ 2024 மார்ச் 8 அன்று, அனைத்துலக மகளிர் நாளில், பிரிட்டன் திரையரங்குகளுக்கு வந்தது. 1927 அக்டோபர் 7 அன்று கால்வாயைக் கடந்த மெர்சிடிஸ் கிளைட்சேயின் கதை. இவர் கால்வாயைக் கடந்த முதல் பிரிட்டிஷ் பெண்.

குழப்பத்தின் முதல் முடிச்சு இங்கேயே அவிழ்கிறது. ‘முதல் பெண்’ வேறு, ‘முதல் பிரிட்டிஷ் பெண்’ வேறு. எடர்லிக்கும் கிளைட்சேக்கும் நடுவில், 1926 ஆகஸ்ட் மாதமே, அமீலியா கேட் கோர்சன் என்ற மற்றொரு அமெரிக்கப் பெண்ணும் கடந்திருக்கிறார். தேசியப் பெருமை சார்ந்த ‘முதல்’ என்று இதைத் தள்ளிவிடத் தோன்றலாம். ஆனால் அன்றைய பிரிட்டிஷ் பத்திரிகைகள் பிரிட்டிஷ் பெண்களின் கால்வாய் நீச்சலுக்காகப் பரிசுப் பணத்தோடு காத்திருந்தன. பின்னால் வந்த சிக்கல்கள் எல்லாம் அந்தப் பணத்தையும் புகழையும் சுற்றியே எழுந்தன.

எடர்லி, கிளைட்சே இருவரும் ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்த குடும்பங்களின் மகள்கள். நியூயார்க்கில் ஒருவருடைய தந்தை இறைச்சிக் கடைக்காரர். இங்கிலாந்தின் பிரைட்டனில் மற்றொருவருடைய தந்தை ரொட்டி சுடுபவர். கடற்கரை மாளிகைகளில் ஓய்வெடுத்த வர்க்கத்தின் பொழுதுபோக்காக இந்த விளையாட்டைக் கற்பனை செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

‘கால்வாய்’ என்பது என்ன

தமிழில் கால்வாய் என்றதும் வெட்டப்பட்ட வாய்க்காலின் நினைவு வருகிறது. ஆங்கிலக் கால்வாய் அப்படிப்பட்டதன்று. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் நடுவில் கிடக்கும் கடல் அது. அதன் மிகக் குறுகிய பகுதியான டோவர் நீரிணையில்தான் நீச்சல் வீரர்கள் இறங்குகிறார்கள். நம் பாக் நீரிணையைப் போல ஒரு நீரிணை என்று எண்ணிக்கொண்டால் வடிவம் புரியும், குளிர்தான் புரியாது.

பிரான்சின் கிரி-நே முனைக்கும் (‘சாம்பல் மூக்கு’ என்று பொருள்) டோவர் கரைக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 21 மைல், அதாவது 33 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நீச்சல்காரர் நேர்க்கோட்டில் போக முடிவதில்லை என்பதில்தான் கடினம் தொடங்குகிறது.

ஓதம் முதல் எதிரி. இந்த நீரிணையில் கடல்நீர் சுமார் ஆறு மணி நேரம் வடகிழக்காக ஓடும். பிறகு திசை மாறித் தென்மேற்காக ஓடும். குறுக்கே நீந்துபவரை அது முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் தள்ளுவதால், வரைபடத்தில் அவர் சென்ற பாதை வளைந்து நெளிந்து, ஆங்கில எழுத்து ‘எஸ்’ போலத் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதத்தின் வேகம் கூடும். அட்டமியை ஒட்டிக் குறையும். ஆகவே நீச்சலுக்கான நாளைப் பெரும்பாலும் பிறையைப் பார்த்தே குறிக்கிறார்கள். புறப்படும் நேரம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஆரத்தி சாஹா. கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்ணான இந்த வங்காள வீராங்கனை, 1959 ஆகஸ்டில் செய்த முதல் முயற்சியில், வழிகாட்டிப் படகு தாமதமாக வந்ததால் சாதகமான ஓதத்தைத் தவறவிட்டார். இங்கிலாந்துக் கரை கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தபோது நீரோட்டம் எதிர்த்துத் திரும்பியது. முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் 29ஆம் தேதி 16 மணி 20 நிமிடத்தில் கடந்தார்.

குளிர் அடுத்தது. கோடையின் உச்சத்திலும் அந்த நீர் 18 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இருக்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடலின் வெப்பத்தை வெளியே இழுக்கும். உடலின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே இறங்கும்போது நடுக்கமும் பேச்சுக் குளறலும் வருகின்றன; மேலும் இறங்கினால் புத்தி தடுமாறி, நினைவு தப்புகிறது. இதில் கொடுமையான பகுதி, நீந்துபவருக்குத் தாம் தடுமாறுவது தெரியாது என்பதே. படகில் இருப்பவர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பாக் நீரிணையை இருவழியிலும் நீந்திக் கடந்து, ஈழத்திலும் தமிழகத்திலும் ஆழிக்குமரன் என்று கொண்டாடப்பட்ட வல்வெட்டித்துறை ஆனந்தன், 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும் முயற்சியில்தான் உயிரிழந்தார்.

விதிகள் எளியவை, ஆனால் இரக்கமற்றவை. ஒரு நாட்டின் உலர்ந்த கரையில் தொடங்கி மறு நாட்டின் உலர்ந்த கரையில் முடிக்க வேண்டும். சாதாரண நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி, உடலில் பூசும் கொழுப்பு ஆகியவற்றுக்கு மேல் எதுவும் கூடாது. துணைப் படகையோ அதிலிருப்பவர்களையோ தொடக் கூடாது. உணவைக்கூடக் கம்பிலோ கயிற்றிலோ கட்டித்தான் நீட்டுவார்கள்.

இந்த விதிகளை வாசிக்கும்போது ஒரு கேள்வி எழ வேண்டும். கரையிலிருந்து பத்து மைல் தள்ளி, மூடுபனியில், நடு இரவில், ஒருவர் படகைத் தொட்டாரா இல்லையா என்பது யாருக்குத் தெரியும்? படத்தின் கதை முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்ததே.

மெர்சிடிஸ் கிளைட்சே யார்

1900 நவம்பரில் பிரைட்டனில் பிறந்தவர். முதல் உலகப் போர் வந்தபோது பிரிட்டனில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் எதிரி நாட்டவராக நடத்தப்பட்டனர். அந்த அலையில் கிளைட்சே குடும்பம் ஜெர்மனிக்குப் போக நேர்ந்தது. பிறந்த மண்ணுக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தோடு 1920களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு வந்த அவர், ஆங்கிலமும் ஜெர்மனும் தெரிந்த தட்டச்சராக, செயலராக லண்டனில் வேலை பார்த்தார். வேலை நேரம் போக மீதியில் தேம்ஸ் ஆறுதான் பயிற்சிக் களம். 1923இல் அந்த ஆற்றில் 10 மணி 45 நிமிடம் நீந்திப் பெண்களுக்கான பிரிட்டிஷ் சாதனை ஒன்றை ஏற்படுத்தினார்.

கால்வாயை அவர் கடந்தது எட்டாவது முயற்சியில். முதல் முயற்சி 1922இல். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் ஏழு முறை தோற்று, ஒவ்வொரு முறையும் தட்டச்சுப் பொறிக்குத் திரும்பி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து அடுத்த படகுக்குப் பணம் சேர்த்த வாழ்க்கை அது. படகு, மாலுமி, உணவு, தங்கும் செலவு எல்லாம் நீந்துபவரின் தலையில்தான். புரவலர் இல்லாத ஒரு தட்டச்சருக்குப் பத்திரிகைகள் அறிவித்த ஆயிரம் பவுண்டு எவ்வளவு பெரிய தொகை என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

1927 அக்டோபர் 7 அதிகாலையில் கிரி-நே முனையில் இறங்கி, கடும் மூடுபனிக்கு நடுவே நீந்தி, 15 மணி 15 நிமிடத்துக்குப் பிறகு டோவருக்கு அருகே செயின்ட் மார்கரெட்ஸ் விரிகுடாப் பக்கம் கரையேறினார். அக்டோபர் என்பது நீச்சல் பருவம் ஏறக்குறைய முடிந்துவிட்ட காலம். அவருக்கு முன்பு கால்வாயைக் கடந்தவர்கள் உலகிலேயே சுமார் பத்துப் பேர்தான்.

இரண்டு வாரங்களில் நடந்தவை

கதையின் முடிச்சு 1927 அக்டோபர் 7க்கும் 21க்கும் இடைப்பட்ட நாட்களில் இருக்கிறது. வரிசை மாறினால் அர்த்தம் மாறிவிடும் என்பதால் எண்ணிட்டுச் சொல்கிறேன்.

1. அக்டோபர் 7: கிளைட்சே கடக்கிறார்.

2. அடுத்த சில நாட்களில், டாக்டர் டாரதி காக்ரன் லோகன் என்ற பெண் மருத்துவர், தாமும் கால்வாயைக் கடந்துவிட்டதாக அறிவிக்கிறார். சொன்ன நேரம் 13 மணி 10 நிமிடம். கிளைட்சேயைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேகம், எடர்லியைவிடவும் வேகம். ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ பத்திரிகையின் ஆயிரம் பவுண்டு பரிசு அவருக்குப் போகிறது. பரிசுக்காக, தாம் கடந்தது உண்மை என்று சட்டப்படியான பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்திடுகிறார்.

3. சில நாட்களிலேயே லோகன் தாமே முன்வந்து, அத்தனையும் நாடகம் என்று ஒப்புக்கொள்கிறார். தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது நீந்தியதைத் தவிர, மீதி நேரத்தைப் படகில்தான் கழித்திருந்தார். பணத்தைத் திருப்பித் தந்தார். கால்வாய் நீச்சல்களுக்கு முறையான கண்காணிப்பு இல்லை, யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம் என்பதை ஊருக்குக் காட்டவே இப்படிச் செய்ததாக விளக்கம் சொன்னார். பொய்யான பிரமாணம் தந்த குற்றத்துக்கு அவருக்கும் அவருடைய பயிற்சியாளருக்கும் நீதிமன்றம் அபராதம் விதித்தது.

4. லோகனின் பொய் வெளிப்பட்டதும் அடி விழுந்தது கிளைட்சேயின் மேல். ஒரு மருத்துவரே இப்படி ஏமாற்ற முடியுமென்றால், மூடுபனியில் நீந்திய அந்தத் தட்டச்சர் மட்டும் நேர்மையாக நீந்தினார் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்கத் தொடங்கினார்கள்.

5. அக்டோபர் 21: மீண்டும் நீந்திக் காட்டுகிறேன் என்று அறிவித்துவிட்டு, பத்திரிகையாளர்கள் படகுகளில் பின்தொடர, கிளைட்சே கிரி-நே முனையிலிருந்து இறங்குகிறார். இதுதான் ‘விண்டிகேஷன் ஸ்விம்’. பழி துடைக்கும் நீச்சல் என்று தமிழில் சொல்லலாம்.

இரண்டு வாரத்தில் கடல் மேலும் குளிர்ந்திருந்தது. 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் வரை என்று பதிவாகியிருக்கிறது. பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தினார். குளிரில் நினைவு மங்கி, உறக்கத்தில் ஆழ்பவரைப் போல ஆனார். கரைக்கு இன்னும் சுமார் 7 மைல் இருக்கும்போது, அவர் மறுக்க மறுக்க, படகுக்குள் தூக்கிவிட்டார்கள்.

தோற்ற நீச்சல் எப்படி ஆதாரமாயிற்று

தர்க்கப்படி பார்த்தால் அக்டோபர் 21 நீச்சல் அக்டோபர் 7 அன்று நடந்ததை நிரூபிக்காது. இன்று ஒருவர் மலையேறிக் காட்டுவதால், போன மாதம் ஏறினார் என்று ஆகிவிடாது. அதுவும் இந்த முறை பாதிக்கு மேல் வந்து நின்றுவிட்டார். ஆனாலும் அதற்குப் பிறகு அவருடைய முதல் நீச்சலைச் சந்தேகிக்க ஆளில்லாமல் போயிற்று. இதற்கு நான் காணும் காரணங்கள் இவை.

1. ஐயம் இரண்டு அடுக்காக இருந்தது. ‘இந்தப் பெண்ணால் இது முடியுமா’ என்பது ஒன்று. ‘இந்தப் பெண் பொய் சொல்லக்கூடியவரா’ என்பது மற்றொன்று. அக்டோபர் மூன்றாம் வாரத்துக் குளிரில், எல்லாரும் பார்க்கப் பத்து மணி நேரம் தாக்குப்பிடித்தது முதல் கேள்விக்கு விடை. இதைவிட வெதுவெதுப்பான நீரில் 15 மணி நேரம் நீந்தியிருக்க முடியும் என்பதை ஏற்க அதன்பின் தடையில்லை.

2. இரண்டாவது கேள்விக்கு, இறங்கியதே விடையாயிற்று. ஏமாற்றியவர் தண்ணீரைத் தவிர்ப்பார். பழியிலிருந்து தப்ப விரும்பும் பொய்யர் வழக்கறிஞரைத் தேடுவாரே ஒழிய, பருவம் முடிந்த கடலைத் தேடமாட்டார்.

3. அவர் கரை சேராததே நம்பகத்தை வளர்த்தது என்றும் நினைக்கிறேன். அத்தனை கண்கள் பார்த்திருக்க, உடல் எந்த இடத்தில் தோற்கிறதோ அந்த இடத்திலேயே நீச்சல் நின்றது. ஒளிக்க ஒன்றுமில்லை என்பதை அதைவிடத் தெளிவாக ஒரு வெற்றி காட்டியிருக்காது.

கிளைட்சேயின் அக்டோபர் 7 நீச்சல் இன்றும் அதிகாரப்பூர்வப் பட்டியலில் நிற்கிறது. கால்வாய் நீச்சல்களைச் சரிபார்த்து உறுதிசெய்யும் கால்வாய் நீச்சல் சங்கம் அதே 1927இல் தோன்றியது. அதிலிருந்து ஒவ்வொரு முயற்சிக்கும் நடுநிலையான ஒரு மேற்பார்வையாளர் துணைப் படகில் உட்கார்ந்து, குறித்த இடைவெளிகளில் படகு நிற்கும் இடம், நீரின் வெப்பம், நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு, என்ன உணவு தரப்பட்டது என்பவற்றை எழுதிவைக்கும் வழக்கம் உறுதிப்பட்டது. கண்காணிப்பு இல்லை என்ற லோகனின் குற்றச்சாட்டு சரியானதே. அதை நிறுவ அவர் தேர்ந்தெடுத்த வழிக்கான விலையை வேறொரு பெண் கொடுத்தார் என்பதுதான் அவர் கணக்கில் எடுக்காதது.

கழுத்தில் தொங்கிய கடிகாரம்

கிளைட்சேயின் பெயரை இன்று நீச்சல் உலகத்தைவிடக் கடிகாரப் பிரியர்களே அதிகம் நினைவு வைத்திருக்கிறார்கள். ரோலக்ஸ் நிறுவனர் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப், நீர் புகாத ‘ஆய்ஸ்டர்’ கைக்கடிகாரத்தை 1926இல் கொண்டுவந்திருந்தார். கடிகாரத்துக்குள் தண்ணீர் போகாது என்று அன்று யாரும் எளிதில் நம்பத் தயாராக இல்லை. அதற்கும் ஒரு சாட்சி தேவைப்பட்டது. அக்டோபர் 21 அன்று நீந்தச் சென்ற கிளைட்சேயிடம் ஒரு சிறிய தங்க ஆய்ஸ்டர் கொடுக்கப்பட்டது. அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினார். பத்து மணி நேரத்துக்குப் பின் அவரை வெளியே தூக்கியபோது கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் 24ஆம் தேதி ‘டெய்லி மெயில்’ பத்திரிகையின் முதல் பக்கம் முழுவதும் ரோலக்ஸ் விளம்பரம்.

இங்கே பரவலாக ஒரு பிழை உலவுகிறது. கால்வாயைக் கடந்த வெற்றி நீச்சலில் அவர் ரோலக்ஸ் அணிந்திருந்தார் என்று பல இடங்களில் எழுதிவிடுகிறார்கள். கடிகாரம் இருந்தது கடக்காத நீச்சலில். கையில் கட்டவும் இல்லை.

படம் எப்படி எடுக்கப்பட்டது

சுயாதீனப் படம் என்றால் பெரிய ஸ்டூடியோவின் முதலீடும் விநியோக வலையும் இல்லாமல், இயக்குநரோ சிறு குழுவோ திரட்டிய பணத்தில் எடுக்கப்படும் படம். ‘விண்டிகேஷன் ஸ்விம்’ அந்தச் சொல்லுக்கு எல்லா வகையிலும் பொருந்துகிறது. இயக்குநர் எலியட் ஹாஸ்லர், கிளைட்சே பிறந்த அதே பிரைட்டன்காரர். பள்ளி வயதிலேயே முதல் முழுநீளப் படத்தை எடுத்தவர். இந்தப் படம் வந்தபோதும் இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். படத்தை வெளியிட்டதும் அவருடைய சொந்த நிறுவனமான ரெல்சா ஃபிலிம்ஸ். ஹாஸ்லர் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் வருவது அது.

கிளைட்சேயாக நடித்தவர் கிர்ஸ்டன் காலகன். டூப் போடாமல், தொட்டியிலோ ஸ்டூடியோ குளத்திலோ அல்லாமல், ஆங்கிலக் கால்வாயின் திறந்த நீரிலேயே நீச்சல் காட்சிகள் எடுக்கப்பட்டன. கொரோனா முடக்கங்களையும் தாண்டிப் பல கட்டங்களாகப் படப்பிடிப்பு நீண்டது. ஒப்பிட்டுப் பார்த்தால், டிஸ்னியின் எடர்லி படம் பல்கேரியாவில், கருங்கடல் பக்கம் எடுக்கப்பட்டது.

திறந்த கடலில் எடுப்பதால் என்ன மாறும்? கடலின் நிறமும் அலையும் வானத்தின் வெளிச்சமும் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால், காலை பத்து மணிக்கு எடுத்த ஷாட்டோடு பதினோரு மணி ஷாட் ஒட்டாது. நடிகை நீரில் இருக்கக்கூடிய நேரத்துக்கு உடல்வெப்பம் ஓர் எல்லை வைத்துவிடும். ‘இன்னொரு டேக்’ என்று சாவகாசமாகக் கேட்க முடியாது. கேமரா இருக்கும் படகும், படமெடுக்கப்படும் உடலும் ஒரே ஓதத்தில் வெவ்வேறு வேகத்தில் நகரும். பெரிய முதலீடு உள்ளவர்கள் தொட்டியைத் தேடுவது இதனால்தான். முதலீடு இல்லாதவருக்குக் கடல் இலவசம், காத்திருக்கப் பொறுமை மட்டும் வேண்டும்.

இதற்குக் கிடைத்த பலன் சிறியதாகத் தோன்றலாம். குளிரில் நடிகையின் தோலும் உதடும் நிறம் மாறுவதும், அலை வாயில் அடித்து மூச்சின் ஒழுங்கு குலைவதும் ஒப்பனையால் வருபவை அல்ல. நீச்சல் படங்களின் அடிப்படைச் சிக்கலே, பதினைந்து மணி நேரம் ஒரே அசைவைச் செய்யும், முகம் பாதி நீருக்குள் இருக்கும் ஒரு மனிதரைக் காட்டுவதில் நாடகம் எங்கே இருக்கிறது என்பதுதான். திரைக்கதைகள் வழக்கமாக அதைக் கரையில் தேடும்: பயிற்சியாளரோடு சண்டை, பெண் என்பதால் வரும் ஏளனம், போட்டியாளரின் சூழ்ச்சி. இந்தப் படத்திலும் அவை உண்டு. அவை நிகழும்போது படம் பார்த்துப் பழகிய பாதையில் போகிறது; தண்ணீருக்குள் இறங்கியதும்தான் அதற்குச் சொந்தமான ஒன்று கிடைக்கிறது என்பது என் கணிப்பு.

படம் மாற்றியவை

வாழ்க்கை வரலாற்றுப் படங்கள் பெயர்களை மாற்றுவது புதிதல்ல. இங்கே நடந்த முக்கியமான மாற்றம், டாரதி லோகன் படத்தில் இல்லை என்பது. அவருடைய இடத்தில் எடித் கேட் என்ற போட்டியாளர் வருகிறார். விக்டோரியா சம்மர் நடித்திருக்கிறார். வரலாற்றில் அப்படி ஒரு நீச்சல்காரரைத் தேடிக் கிடைக்காமல் குழம்பியவர்களுக்கு விடை இதுதான்: அது புனைவுப் பாத்திரம்.

இந்த மாற்றத்தால் இரண்டு விளைவுகள். சிறியதை முதலில் சொல்லிவிடலாம். 1926இல் நேர்மையாகவே கால்வாயைக் கடந்த அமீலியா கேட் கோர்சனின் பெயரில் உள்ள ‘கேட்’ ஒரு பொய்யருக்குப் போய்விட்டது. தற்செயலோ தெரிந்து செய்ததோ, வரலாறு அறிந்தவருக்கு நெருடும்.

பெரியது, லோகன் என்ற விசித்திரமான மனிதர் காணாமல் போனது. படித்த, தொழிலில் நிலைபெற்ற ஒரு மருத்துவர், பரிசை வாங்கியவர், சில நாளில் தாமே குட்டை உடைத்தவர், ஒழுங்கீனத்தை அம்பலப்படுத்த ஒழுங்கீனம் செய்ததாகச் சொன்னவர். அவர் சொன்ன காரணம் முதலிலேயே திட்டமிட்டதா, மாட்டிக்கொள்ளும் பயத்தில் பிறகு கண்டுபிடித்ததா என்று வாதிட இடமிருக்கிறது. அந்த வாதம் இருக்கும்வரை இது கண்காணிப்பு முறையைப் பற்றிய கதை. புனைந்த போட்டியாளர் வந்ததும் இது இரண்டு பெண்களுக்கு இடையிலான போட்டிக் கதையாகச் சுருங்குகிறது. மனிதப் பகை திரையில் எளிதாக நிற்கும், நிர்வாகக் குறைபாடு நிற்காது என்பது தெரிந்ததே. ஆனால் கடலில் நிஜத்துக்கு இவ்வளவு பாடுபட்ட ஒரு படம், காகிதத்தில் கிடைத்த நிஜத்தை இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுத்திருக்க வேண்டாம்.

1927க்குப் பிறகு

கிளைட்சேயின் பெரிய சாதனை என்று நீச்சல் வரலாற்றாசிரியர்கள் சுட்டுவது கால்வாய் அல்ல. 1928 ஏப்ரல் 5 அன்று, ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் இடையிலான ஜிப்ரால்டர் நீரிணையை 12 மணி 50 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். அங்கே ‘முதல் பெண்’, ‘முதல் பிரிட்டிஷ் பெண்’ என்ற அடைமொழிகளே தேவையில்லை. ஆண், பெண் எவரும் அதற்கு முன் அதைக் கடந்ததாகப் பதிவில்லை. பிறகு அயர்லாந்து, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று பல கடல்களில் நீந்தினார். ஊர்களின் நீச்சல் குளங்களில் நாற்பது மணி நேரத்துக்கும் மேல் கரையேறாமல் நீந்தும் நிகழ்ச்சிகளையும் நடத்தினார்; மக்கள் சீட்டு வாங்கி வந்து, அவர் தூங்கிவிடாமல் இருக்கக் குளத்தைச் சுற்றி நின்று பாடினார்கள். இப்படிச் சேர்ந்த வருமானத்தைக் கொண்டு 1933இல் லெஸ்டர் நகரில் வீடற்றவர்களுக்கான இல்லங்களைத் திறந்தார். 1930களில் நீச்சலை விட்டு ஒதுங்கிக் குடும்ப வாழ்க்கைக்குள் போய்விட்டார். தமது சாதனைகளைப் பிள்ளைகளிடம்கூட அதிகம் பேசியதில்லை. 1981இல் மறைந்தார். அவருடைய காகிதங்களைக் கொண்டு மகள் எழுதிய வரலாறு 2019இல்தான் நூலாக வந்தது.

கேள்வி இன்னும் முடியவில்லை

தொடக்கத்தில் சொன்ன ‘நயாட்’ படத்துக்கு இப்போது திரும்பலாம். 1927இல் டோவரில் எழுந்த அதே கேள்வி, செயற்கைக்கோள் வழிகாட்டியும் கேமராவும் உள்ள காலத்தில் டயானா நயாட்டின் மீதும் எழுந்தது. கியூபாவிலிருந்து சுமார் 53 மணி நேரம் நீந்திய அவருடைய பயணத்தின் மேற்பார்வைக் குறிப்புகளில் சில மணி நேரத்துக்குப் பதிவுகள் இல்லை. சொறிமீன்களிடமிருந்து காக்கும் உடையை அணிவிக்க உதவியாளர்கள் அவரைத் தொட்டிருக்கிறார்கள் என்ற சிக்கலும் இருந்தது. கடல் போன்ற திறந்த நீரில் நீந்துவதற்கான உலக அமைப்பு, படம் வெளிவந்த அதே 2023இல், அந்த நீச்சலை உறுதிப்படுத்த மறுத்தது. ஆவணங்கள் முழுமையாக இல்லை என்பதே அது சொன்ன முக்கியக் காரணம். அவர் நீந்தவில்லை என்று யாரும் நிரூபித்துவிடவில்லை.

நயாட் வேடத்தில் நடித்த அனெட் பெனிங் அந்தப் படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். மேற்பார்வைக் குறிப்பேட்டில் உள்ள காலி மணி நேரங்கள் இன்னும் காலியாகவே இருக்கின்றன.